ஆறு வருஷம் ரெண்டு மாசம்

ஒன்பது இடங்களுக்கு விண்ணப்பம் போட்டாயிற்று. வேண்டாம் என்று சொல்வதற்குக்கூட ஒருவரும் கூப்பிடவில்லை. முதல் மூன்று இடங்கள் வரை தட்டக்கா தன் ராசியை நொந்துகொண்டாள். அடுத்த மூன்றுக்குத் தன் வயதை. ஒன்பதாவதும் பேச்சுமூச்சில்லாமல் போன பிறகுதான், கோளாறு தன்னைப் பற்றி எழுதி அனுப்பிய அந்த ஒரு பக்கக் காகிதத்தில் இருக்குமோ என்று அவளுக்குத் தோன்றியது.

தட்டக்கா என்பது ஆஸ்பத்திரியில் வந்த பெயர். ஆப்பரேஷனுக்கு வேண்டிய கத்தரி, இடுக்கி, கத்திப்பிடி எல்லாவற்றையும் கழுவி, நீராவியில் கிருமி போக்கி, இன்ன ஆப்பரேஷனுக்கு இன்ன தட்டு என்று அடுக்கிக் கட்டித் தியேட்டருக்கு அனுப்பும் பிரிவில் பதினொரு வருஷம் இருந்தாள். அவள் கட்டிய தட்டில் ஒரு சாமான் குறைந்தது என்று எந்த டாக்டரும் சொன்னதில்லை. சொல்ல ஒரு சந்தர்ப்பம் கிடைக்காதா என்று காத்திருந்தவர்கள் உண்டு. பாவம், காத்திருந்ததோடு சரி.

அந்த வேலையை விட்டது மாமனாருக்காக. டிரைவிங் ஸ்கூல் வாத்தியாராக முப்பது வருஷம் ஊருக்கே வண்டி ஓட்டக் கற்றுக்கொடுத்த மனுஷர், ஒரு நாள் காலையில் பல் தேய்க்கப் போன இடத்தில் விழுந்தார். இடப்பக்கம் மொத்தமும் செயலிழந்துவிட்டது. அதன் பிறகு குழாய் வழியே சாப்பாடு, குழாய் வழியே சிறுநீர், இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தரம் புரட்டிப் படுக்கவைக்க வேண்டும். தட்டக்காவின் கணவனுக்கு வயரிங் வேலை. மாதத்தில் பாதி நாள் வெளியூர். வீட்டில் இருக்கும் நாளிலும் அப்பாவைப் பார்த்தாலே அழுதுவிடுவான். அழுகிறவனை வைத்துக்கொண்டு என்ன செய்வது? வேலை இவள் தலையில் விழுந்தது. மாமனாருக்குப் பேச்சு பாதிதான் திரும்பி வந்தது, ஆனால் அந்தப் பாதியிலும் வாத்தியார் புத்தி போகவில்லை. இவள் புரட்டும்போதெல்லாம் "இண்டிகேட்டர் போடு" என்பார். கொஞ்சம் வேகமாகப் புரட்டிவிட்டால் "பிரேக்கு, பிரேக்கு" என்று முனகுவார். இரண்டு பேரும் சிரித்துவிடுவார்கள். இப்படியே ஆறு வருஷம், இரண்டு மாதம். அவர் போய் இப்போது ஒன்பது மாதம் ஆகிறது.

இனி அவளுக்கு வேலை வேண்டும். ஏதோ ஒரு வேலை அல்ல, அதே வேலை. கைக்கு அது தெரியும், கை அதைத்தான் கேட்டுக்கொண்டே இருந்தது. ஆனால் பெரிய ஆஸ்பத்திரிகளில் நாற்பத்தைந்து வயது ஆனவர்களைப் புதிதாக எடுப்பதில்லை. அவளுக்கு நாற்பத்தைந்து பிறக்க இரண்டே மாதம் இருந்தது. அதற்குள் நுழைந்தால் உண்டு, இல்லாவிட்டால் ஆயுசுக்கும் இல்லை.

கடைத்தெருவில் மாடிப்படிக்கு அடியில் ஒரு கம்ப்யூட்டர் சென்டர். இரண்டு பேர் உட்கார்ந்தால் மூன்றாமவர் மூச்சை உள்ளே இழுத்துக்கொள்ள வேண்டும். அதன் சொந்தக்காரர் அவளுடைய காகிதத்தை வாங்கி, காய்ச்சல் கண்ட பிள்ளையைப் பார்ப்பதுபோல் பார்த்தார். முதலில் இதைப் பயோடேட்டா என்று சொல்வதை நிறுத்துங்கள், ரெஸ்யூம் என்று சொல்லுங்கள், பாதி வேலை அங்கேயே கிடைத்துவிடும் என்றார். பிறகு மூன்று மாதிரிகளை எடுத்துப் போட்டார். ஒன்று வருஷ வாரி: இந்த வருஷம் முதல் இந்த வருஷம் வரை இன்ன வேலை என்று வரிசையாகப் போவது. அவள் இதுவரை அனுப்பிக்கொண்டிருந்தது அதைத்தான். பதினொரு வருஷம் ஆஸ்பத்திரி, அதற்கப்புறம் வெறும் வெள்ளைக் காகிதம். "பார்க்கறவங்க கண்ணு நேரா இந்தப் பள்ளத்துலதான் போய் விழும்" என்று பேனாவால் தட்டிக் காட்டினார். இரண்டாவது திறமை வாரி: என்னென்ன தெரியும் என்று தலைப்புத் தலைப்பாகச் சொல்லிவிட்டு வருஷங்களைப் பற்றி வாயே திறக்காதது. மூன்றாவது இரண்டும் கலந்தது, மேலே திறமை, கீழே வருஷம். அதிலும் வருஷத்தை எழுதித்தான் ஆகவேண்டும் என்பதால் அதை அவரே ஒதுக்கிவிட்டார்.

தட்டக்காவுக்கு இரண்டாவது மாதிரி பார்த்தவுடன் பிடித்துப்போனது. கழுவுமிடத்தில் அப்படித்தானே? கத்தரிகள் எல்லாம் ஒரு கூடை, இடுக்கிகள் எல்லாம் ஒரு கூடை. கிருமி நீக்கம் ஒரு தலைப்பு, தட்டு அடுக்குதல் ஒரு தலைப்பு, புது ஆட்களைப் பழக்குதல் ஒரு தலைப்பு. அடித்து முடித்தபோது ஆறு வருஷம் போன இடம் தெரியவில்லை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தாயிற்று.

அது பலிக்கவும் செய்தது. பத்தாவது இடம், ஊர்க்கோடியில் புதிதாகத் திறக்கவிருந்த ஆஸ்பத்திரி, எட்டே நாளில் கூப்பிட்டது. வியாழக்கிழமை பகல் பன்னிரண்டு மணிக்கு நேர்காணல். அவள் நேரே சென்டர்காரரிடம் போய், நீங்கள் மகராசனாக இருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டு வந்தாள். அவருக்கு வாயெல்லாம் பல்.

ஞாயிற்றுக்கிழமை நாத்தனார் வந்தாள்.

நாத்தனார் என்றால் கணவனின் அக்கா, இவளுக்கு அண்ணி. பஸ் டிப்போவில் டியூட்டி சார்ட் போடுகிற பொறுப்பு. எந்த டிரைவர், எந்த பஸ், எத்தனை மணிக்குக் கிளம்பி எத்தனை மணிக்குத் திரும்பவேண்டும் என்பதெல்லாம் அவள் பேனா முனையில் இருந்தது. வீட்டுக்கு வந்தாலும் அதே கண்தான். அப்பா படுக்கையில் இருந்த நாளில் மாதத்துக்கு ஒரு ஞாயிறு வருவாள், அவர் பக்கத்தில் ஒரு மணி நேரம் உட்காருவாள். எத்தனை மணிக்குப் புரட்டியது, எவ்வளவு கஞ்சி போனது என்று தட்டக்கா எழுதி வைத்திருந்த நோட்டை எடுத்து ஒரு பக்கம் விடாமல் பார்ப்பாள். பிறகு கிளம்பிவிடுவாள். நன்றாகப் பார்த்துக்கொள்கிறாய் என்று ஒரு வார்த்தை வந்ததில்லை. தான் அதை எதிர்பார்க்கவில்லை என்று தட்டக்கா எல்லோரிடமும் சொல்லிக்கொள்வாள். எதிர்பார்த்தாள்.

நேர்காணல் சேதியைக் கேட்ட நாத்தனார் காகிதத்தைக் கேட்டு வாங்கினாள். மேலிருந்து கீழே படித்தாள், கீழிருந்து மேலே படித்தாள்.

"ஆறு வருஷம் எங்க?" என்றாள்.

சென்டர்காரர் சொன்னதையெல்லாம் தட்டக்கா விளக்கினாள். வேண்டுமென்றேதான் போடவில்லை என்றாள். நாத்தனார் கண்ணாடியைக் கழற்றினாள்.

"எங்க அப்பாவைப் பார்த்துக்கிட்டது ஒளிச்சு வைக்கிற விஷயமா?"

தட்டக்காவுக்குச் சுருக்கென்றது. ஒளிக்கவில்லை, கேட்டால் சொல்லப்போகிறேன் என்று மட்டும் சொன்னாள். மிச்சத்தை அடுப்படியில் போய்ப் பாத்திரங்களிடம் சொன்னாள். ஆறு வருஷம் வாயைத் திறக்காதவள், இப்போது விசாரணைக்கு வந்துவிட்டாள். இவள் திரும்பி வரும்போது நாத்தனார் காகிதத்தில் ஒரு பிரதியை மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டு செருப்பை மாட்டிக்கொண்டிருந்தாள்.

வியாழக்கிழமை அந்தப் புது ஆஸ்பத்திரியில் இன்னும் பெயிண்ட் வாசனை போயிருக்கவில்லை. நேர்காணல் அறையில் இரண்டு பேர். ஒருத்தர் ஆபீஸ்காரர், முன்னால் ஒரு படிவம், கையில் பேனா. இன்னொருவர் தியேட்டர் சிஸ்டர், தலை பாதி நரைத்த குள்ளமான பெண்மணி. இருபது வருஷம் ஆப்பரேஷன் மேஜை பக்கத்தில் நின்றவர் என்பது அவர் நிற்கும் விதத்திலேயே தெரிந்தது. கேள்வி கேட்பதற்கு முன் ஒரு துணி மூட்டையை மேஜையில் கொட்டினார். குடல்வால் ஆப்பரேஷன் தட்டுக்கான சாமான்கள், கலைத்துப் போட்டவை. அடுக்குங்கள் என்றார்.

ஏழு வருஷம் கழித்துத் தட்டக்காவின் விரல்கள் இரும்பைத் தொட்டன. ஆப்பரேஷனில் எடுக்கிற வரிசையில் சாமான்கள் ஒவ்வொன்றாய் இடம் போய்ச் சேர்ந்தன. முடித்துவிட்டு, இரண்டாவது கத்தரியின் முனை தேய்ந்திருக்கிறது, தீட்டக் கொடுக்கவேண்டும் என்றாள். சிஸ்டர் அந்தக் கத்தரியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு ஆபீஸ்காரரைப் பார்த்துத் தலையசைத்தார். பழம் நழுவிப் பாலில் விழுந்தது என்றே தட்டக்கா நினைத்தாள். பிறகுதான் சிஸ்டர் காகிதத்தை எடுத்தார்.

படிக்கப் படிக்க அவர் முகம் மாறியது. தட்டை எடுக்கிற வரிசையில் அடுக்குகிறவர், இதை ஏன் கழுவுகிற கூடை மாதிரி இனம் பிரித்துப் போட்டிருக்கிறீர்கள் என்று கேட்டார். எந்த வருஷம் எதைச் செய்தீர்கள் என்பது எங்கே? தட்டக்கா ஏதோ சொல்ல ஆரம்பித்தாள். சிஸ்டர் கையை உயர்த்தினார்.

"ஒரு சாமான் ரிப்பேருக்குப் போயிருக்கு. தட்டுல அந்த இடத்தை என்ன செய்வீங்க?"

இது எந்தத் தட்டுக்காரியும் தூக்கத்தில் சொல்லக்கூடியது. இடத்தைக் காலியாக விட்டு அங்கே ஒரு சிவப்புச் சீட்டு வைப்போம் என்றாள். என்ன சாமான், எப்போது போனது, யார் பொறுப்பு என்று அதில் எழுதியிருக்கும்.

"பக்கத்துச் சாமானை நகர்த்தி வச்சு மூடிட்டா?"

"மூடவே கூடாது சிஸ்டர். தியேட்டர்ல கை நீட்டுற நேரத்துல இல்லேன்னு தெரிஞ்சா ஆளு போயிடும்."

சொல்லி முடித்த பிறகுதான் தான் சொன்னது அவள் காதில் விழுந்தது. பதினொரு வருஷத்தில் ஒரு தட்டில்கூடச் செய்யாத காரியத்தைத் தன் பெயர் போட்ட காகிதத்தில் செய்து, அதைத் தியேட்டர் சிஸ்டர் கையிலேயே கொண்டுவந்து கொடுத்திருக்கிறாள். மாமனார் கதையைச் சொன்னாள். சமாளிக்காமல், சுருக்கமாக, முழுவதும் சொன்னாள்.

சிஸ்டர் கோபித்துக்கொள்ளவில்லை. அவருக்குப் பள்ளம் பிரச்சினையில்லை, மூடியதுதான் பிரச்சினை. நாலு மணிக்குத் தேர்வானவர்கள் லிஸ்ட் தலைமை ஆபீசுக்குப் போகிறது, அதற்குள் வருஷ வரிசையில் ஒன்று கொண்டுவாருங்கள் என்றார். காலி இடத்துக்குச் சீட்டு இருக்கவேண்டும். அந்த ஆறு வருஷத்துக்கு உறுதி சொல்ல ஒரு ஆளின் போன் நம்பரும் இருக்கவேண்டும்.

அப்போது மணி ஒன்று. கடைத்தெரு வந்து சேர ஒன்றே முக்கால் ஆயிற்று. சென்டரில் ஷட்டர் இறங்கியிருந்தது. 'இதோ வந்துவிடுகிறேன்' என்று ஒரு அட்டை தொங்கியது, எப்போது போனார் என்று அதில் இல்லை. போன் அடித்தது, எடுக்கவில்லை. தட்டக்காவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அதைவிடப் பெரிய சிக்கல் அந்த உறுதி. வீட்டுக்கு வந்து பார்த்த டாக்டர் நாடு விட்டே போய்விட்டார். கணவனைப் போட்டால் மனைவிக்குச் சொல்லாமல் யாருக்குச் சொல்வான் என்பார்கள், அதுவும் அவன் போனில் அழுது தொலைப்பான். பார்த்த ஆள் என்று மிச்சம் ஒருத்திதான். அவள் வாயிலிருந்து நல்லதாக ஒரு வார்த்தை வரும் என்று எந்த நம்பிக்கையில் போய் நிற்பது? ஆனாலும் டிப்போவில் கம்ப்யூட்டர் இருக்கும் என்று நினைத்துக்கொண்டு பஸ் ஏறினாள்.

டிப்போவின் டியூட்டி அறை நீளமானது. ஒரு சுவர் முழுக்கப் பலகை, பலகை முழுக்க ஆணிகள், ஒவ்வொரு ஆணியிலும் ஒரு பஸ் நம்பர் தகடு. டீசல் வாசனை. நடுவில் இரண்டு போன்களோடு நாத்தனார். நாலைந்து டிரைவர்கள் பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி வரிசையில் நின்றார்கள். தட்டக்கா உள்ளே வந்ததும் நாத்தனார் முதலில் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள், பிறகுதான் அவளைப் பார்த்தாள். இரண்டே முக்கால்.

தட்டக்கா நடந்ததைச் சொன்னாள். நாத்தனார் மேஜை டிராயரை இழுத்து, பிளாஸ்டிக் உறைக்குள் இருந்த ஒரு தாளை எடுத்து நீட்டினாள். புதிதாக அடித்தது இல்லை. தேதியைப் பார்த்தால் திங்கட்கிழமை.

"மறுநாளே அடிச்சிட்டேன். குடுத்தா குத்தம் சொல்றேன்னு நெனப்ப. நாத்தனார் சொல்ற எதுவும் காதுக்கு நல்லதா கேக்காதே."

சென்டர்காரர் ஒதுக்கிய மூன்றாவது மாதிரி அது. மேலே நாலே வரியில் தெரிந்த வேலைகள். கீழே வருஷங்கள், டியூட்டி சார்ட் போல ஒரு மாதம் இடைவெளி இல்லாமல். பதினொரு வருஷம் ஆஸ்பத்திரி. அடுத்த வரியில் இப்படி இருந்தது: 'ஆறு வருஷம் இரண்டு மாதம். முழுப் படுக்கை நோயாளி ஒருவருக்கு வீட்டில் முழு நேரப் பராமரிப்பு. குழாய் உணவு, சிறுநீர்க் குழாய், இரண்டு மணிக்கொரு முறை புரட்டுதல். படுக்கைப்புண் ஒருமுறைகூட வந்ததில்லை. தினசரிக் குறிப்பேடுகள் பன்னிரண்டு உள்ளன, கேட்டால் காட்டப்படும். உறுதி சொல்பவர்: நோயாளியின் மகள்.' பக்கத்தில் டிப்போவின் நம்பர்.

பன்னிரண்டு நோட்டு என்று தட்டக்காவே எண்ணிப் பார்த்ததில்லை. அப்பா ஞாபகமாக இருக்கட்டும் என்று நாத்தனார் அவற்றை எடுத்துப் போனபோது, அதிலும் குற்றம் தேடத்தான் என்று நினைத்திருந்தாள். படுக்கைப்புண் வராததை இந்த அண்ணி கவனித்திருக்கிறாள். மாதாமாதம் வந்து அந்த நோட்டைப் புரட்டியது சோதனை இல்லை போலிருக்கிறது. ஏதோ சொல்ல வாயெடுத்தாள்.

"மூணு மணி வண்டியை விட்டா அடுத்தது மூணு முப்பத்தஞ்சு" என்றாள் நாத்தனார். வரிசையில் முதலில் நின்ற டிரைவரைக் கூப்பிட்டு, இவளை ஆஸ்பத்திரி வாசலிலேயே இறக்கிவிடு, வழியில் எவனோடும் பேச்சுக்கு நிற்காதே என்று சொன்னாள். அந்த டிரைவர் அன்று பேச்சுக்கு நிற்கவில்லை, சிவப்பு விளக்குக்குக்கூட மனசில்லாமல்தான் நின்றார்.

மூன்றே முக்காலுக்குத் தட்டக்கா மறுபடி அந்த அறையில் இருந்தாள். சிஸ்டர் தாளை வாங்கி, மேலே வேகமாகவும் நடுவில் நிதானமாகவும் படித்தார். படுக்கைப்புண் என்ற இடத்தில் விரல் நின்றது. ஆறு வருஷத்தில் ஒன்றுகூடவா என்று கேட்டார். ஒன்றுகூட இல்லை என்றாள். ஆபீஸ்காரர் மேஜை போனை இழுத்து, எல்லோருக்கும் கேட்கும்படி ஸ்பீக்கரில் போட்டு அந்த நம்பரை அடித்தார்.

இரண்டாவது மணியிலேயே நாத்தனார் எடுத்தாள். பின்னால் பஸ் ஒன்று ரிவர்ஸ் எடுக்கும் சத்தம். சிஸ்டர் தன்னைச் சொல்லிவிட்டு, நீங்கள் சொந்தக்காரர், நல்லதாகத்தானே சொல்வீர்கள், உங்கள் பேச்சை நான் எப்படி எடுத்துக்கொள்வது என்று வெளிப்படையாகவே கேட்டார். தட்டக்கா புடவை முந்தானையை விரலில் சுற்றிக்கொண்டு தரையைப் பார்த்தாள்.

ஸ்பீக்கரில் வந்தது வழக்கமான கறார்க் குரல்தான்.

"என் பேச்சை விட்டுடுங்க மேடம். எங்க டிப்போ வருகைப் பதிவேட்டைப் பாருங்க, நகல் வேணும்னா இன்னைக்கே அனுப்பறேன். அப்பா படுத்த படுக்கையா இருந்த ஆறு வருஷம் ரெண்டு மாசத்துல நான் ஒரு நாள்கூட லீவு போடல. ரெண்டு பிரமோஷன் வாங்கினேன். பெத்த பொண்ணு ஒரு நாள்கூட லீவு போடலேன்னா, அந்த வேலையை வேற யாரோ செஞ்சிருக்கணும் இல்லையா?"

சிஸ்டர் மறுபடி தாளில் அந்த வரியைப் பார்த்தார்.

"அவதான் செஞ்சா" என்றது குரல். இப்போது அது அவ்வளவு கறாராக இல்லை. "அவ காகிதத்துல விழுந்த பள்ளம் இருக்கே மேடம், அதுல நின்னுதான் நான் மேல வந்தேன். இதை அவகிட்ட நான் சொன்னதில்லை. சொல்ல வாய் வரல."

தட்டக்கா அழுதாள். புதுப் பெயிண்ட் அடித்த அறை, அந்நிய மனிதர்கள் என்றெல்லாம் பார்க்கவில்லை. ஆறு வருஷத்தில் தனியாக அழுத நாட்கள் எத்தனையோ உண்டு. அவை வேறு. இந்த அண்ணி தனக்கு அமைந்தாளே என்று அவள் மனசு நிறைந்துபோய் அழுதது இதுதான் முதல் தடவை. இருக்கிற இடத்திலிருந்தே போனைப் பார்த்து, "அண்ணி, நான் இங்கதான் இருக்கேன்" என்றாள்.

நாத்தனார் மூக்கை உறிஞ்சுவது ஸ்பீக்கரில் எல்லோருக்கும் நன்றாகவே கேட்டது.

ஆபீஸ்காரர் தொண்டையைச் செருமிக்கொண்டு படிவத்தைச் சிஸ்டர் பக்கம் நகர்த்தினார். மணி நாலாக ஐந்து நிமிஷம் இருந்தது. அனுபவம் என்ற இடத்தில் பதினொரு வருஷம் என்று போட்டிருக்கிறேன் சிஸ்டர், கையெழுத்து மட்டும் வேண்டும் என்றார்.

சிஸ்டர் பேனாவை வாங்கிக்கொண்டு, கையெழுத்துப் போடாமல் அவரைப் பார்த்தார்.

"பதினேழுன்னு திருத்துங்க."